சாவிக்கு எந்தக் கிழமை?

ஓய்வுநாள் சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்று அந்தச் சபை இரண்டாகப் பிளந்து நின்றபோது, சாவிக்கு மட்டும் ஒரு குழப்பமும் இல்லை. அவர் நூற்றுக்கு நூறு சனிக்கிழமைக் கட்சி. வேதத்தைப் புரட்டி ஆராய்ந்து அந்த முடிவுக்கு வந்தவர் அல்ல. ஆராதனை சனிக்கிழமைக்கு மாறிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அவர் மனைவி இருப்பாள். அவருடைய இறையியல் மொத்தமும் இவ்வளவுதான்.

சாவி என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. பெற்றோர் வைத்தது சபையின் சம்பளப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. இடுப்பில் இருபத்து மூன்று சாவிகள் கொண்ட கொத்து. அவர் வருவதற்கு முன்னால் அது வரும். ஆலயத்தைத் திறப்பது, பெருக்குவது, தண்ணீர் மோட்டாரைப் போடுவது, நூற்று நாற்பது நாற்காலிகளை வரிசை பிசகாமல் போடுவது, பாட்டு எண்களைப் பலகையில் மாட்டுவது, மைக்குக்கு பேட்டரி மாற்றுவது, கழிப்பறைகளைக் கழுவுவது, கூட்டம் முடிந்ததும் குடை, பால் புட்டி, ஒருமுறை ஒரு செட் பல் என்று ஜனங்கள் விட்டுப்போவதை எடுத்து வைப்பது, எல்லாமே அவர்தான். பத்தொன்பது வருடம். திங்கட்கிழமை விடுமுறை.

அவர் மனைவி நகரப் பேருந்தில் கண்டக்டர். ஞாயிறு விடுமுறை. மற்ற ஆறு நாளும் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பிப் போனால் மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்புவாள். அவர் நாலு மணிக்கு ஆலயத்துக்குக் கிளம்புவார், ஏனென்றால் திங்களைத் தவிர அந்தச் சபையில் ஏதாவது ஒரு கூட்டம் இல்லாத சாயங்காலம் கிடையாது. ஒன்பதுக்குத் திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். சேர்ந்தாற்போல் ஒரு முழு நாள் வீட்டில் இருந்தது கல்யாணமான முதல் வாரத்தில். அதுவும் அவருக்கு அம்மை போட்டிருந்தது.

"நாம சண்டை போட்டு எத்தனை நாளாச்சு?" என்று ஒருமுறை அவள் கேட்டாள். "போடணும்னாலும் நேரம் ஒத்து வரணுமில்ல?"

இந்த நிலையில்தான் லென்ஸுக்கு வெளிச்சம் வந்தது.

லென்ஸ் என்பவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். உலகத்தில் பாதிப் பேருக்குக் கண் சரியில்லை என்பது அவருடைய தொழில் அனுபவம். மீதிப் பாதிக்கும் சரியில்லை என்பது அவருடைய சொந்தக் கருத்து. மூன்று மாதம் முழங்கால் வலியில் படுத்திருந்தபோது பத்துக் கட்டளைகளையும் வரி வரியாகப் படித்திருக்கிறார். எழுந்து நடந்த முதல் நாளே மாதாந்தரக் கூட்டத்துக்கு வந்துவிட்டார்.

"எழுத்து பளிச்சுனு இருக்கு. ஏழாம் நாள்னா ஏழாம் நாள். ஏழாம் நாள் எது? சனிக்கிழமை. இதுல என்ன மங்கல்? கண்ணு நல்லா இருக்கறவங்களுக்குத் தெரியும்."

"தெரியாதவங்க உங்க கடைக்கு வரணுமா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். லென்ஸ் அதைக் காதில் வாங்கவில்லை. பரிசுத்தவான்களைக் கேலி செய்வது எக்காலத்திலும் நடந்திருக்கிறது.

சாவி கம்பியில்லா மைக்கைத் தூக்கிக்கொண்டு பேசுகிறவர்களிடம் ஓடிக்கொண்டிருந்தார். கூட்டங்களில் அவர் வேலை அது. அன்று அவர் லென்ஸிடம் மைக்கைச் சற்றுக் கூடுதல் மரியாதையோடு நீட்டினார்.

எதிர்க்கட்சிக்குத் தலைவர் மேற்படியார். சுங்கத்துறையில் முப்பத்தைந்து வருடம் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான், அவருடைய மொழி இன்னும் பணியில் இருந்தது. பேரக்குழந்தைக்குப் பசிக்கிறது என்பதைக்கூட "மேற்படி குழந்தை பால் கோருகிறது" என்றுதான் சொல்வார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார்.

"ஆண்டவர் உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள்," என்றார் மேற்படியார். "சீடர்கள் கூடி அப்பம் பிட்டதும் மேற்படி நாளில். ஆகவே மேற்படி கட்டளை சனியிலிருந்து ஞாயிறுக்கு இடமாற்றம் செய்யப்பட்டாச்சு. இது நடைமுறையில் உள்ள விஷயம்."

"இடமாற்ற உத்தரவு எங்க?" என்றார் லென்ஸ். "காட்டுங்க பார்ப்போம். தேதி என்ன? கையெழுத்து யாரு?"

முப்பத்தைந்து வருடமாக மேற்படியார் மற்றவர்களிடம் கேட்டுவந்த கேள்வி அது. முகம் சிவந்துவிட்டது. அன்றைக்கே சபை பிளந்தது.

இளம் போதகர் ஒருவர் இருந்தார். வந்து எட்டு மாதம். அவரும் மைக்கைக் கேட்டு வாங்கினார். "அந்த நாளை வச்சு யாரும் யாரையும் குற்றப்படுத்தக் கூடாதுன்னு அப்போஸ்தலரே எழுதி வச்சிட்டாரு. ஓய்வுநாள் ஒரு நிழல் மாதிரி. ஆள் வந்தாச்சு. ஆள் வந்தப்புறம் நிழலைப் பிடிச்சுக்கிட்டு எதுக்குச் சண்டை? அனுசரிக்கிறவங்க ஆண்டவருக்காக அனுசரிக்கட்டும். அனுசரிக்காதவங்க நிம்மதியா இருக்கட்டும். கட்டாயம்னு ஒண்ணு இல்லை."

இரண்டு கட்சியும் அவரை ஒரே மாதிரி பார்த்தது. பந்தியில் குழந்தை எதையோ உளறினால் பெரியவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"பாஸ்டர் தம்பி இன்னும் படிக்க வேண்டியது இருக்கு," என்றார் லென்ஸ், ரொம்ப அன்பாக.

"மேற்படி கருத்தை வழிமொழிகிறேன்," என்றார் மேற்படியார். வருடக் கணக்கில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம்.

அதற்குப் பிறகு ஓய்வு ஒரு போட்டியாக மாறியது. லென்ஸ் சனிக்கிழமைகளில் கடையைப் பூட்டினார். ஏன் பூட்டியிருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் போன் செய்தார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் ஆதியாகமத்திலிருந்து ஆரம்பித்து விளக்கினார். சாயங்காலம் பொழுது சாய்வதற்குள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஞாயிறு கட்சியானாலும் தான் ஒன்றும் குறைந்தவரில்லை என்று காட்ட மேற்படியார் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, துணி தேய்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஆகவே அவர் மனைவி சனிக்கிழமையே இரண்டு நாள் சமையலையும் செய்து, நாலு சட்டையைத் தேய்த்து, பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுப்பார். மறுநாள் மேற்படியார் ஓய்வின் மகிமையைப் பற்றிச் சாய்வு நாற்காலியில் இருந்தபடி அவருக்கு எடுத்துச் சொல்வார்.

சாவி இதையெல்லாம் தேர்தல் முடிவு மாதிரி கவனித்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு நாற்பத்தொரு பேர் நம்ம பக்கம்," என்று மனைவிக்குச் சொல்வார். அவள் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், "யாரு நம்ம பக்கம்?" என்பாள்.

"சனிக்கிழமைதான். ஐம்பது தாண்டிட்டா ஞாயித்துக்கிழமை நம்ம ரெண்டு பேருக்கும்."

"ஆண்டவருக்குன்னு ஒண்ணும் மிச்சமில்லையா?" என்று சிரித்துவிட்டு டிக்கெட் பையை மாட்டிக்கொண்டு ஓடுவாள்.

ஐம்பது தாண்டவில்லை. நாற்பத்தொன்பதில் நின்றுவிட்டது. ஞாயிறு பக்கமும் அதே நாற்பத்தொன்பது. மீதிப் பேர் எந்தக் கிழமையானாலும் பத்தரைக்குள் முடித்தால் சரி என்பவர்கள்.

கமிட்டி கூடியது. ஐந்து மணி நேரம் கூடியது. நாலு தடவை டீ கொண்டுபோய் வைத்தவர் சாவி. கடைசி டீயில் சமரசம் பிறந்துவிட்டது: சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓய்வுநாள். இரண்டு நாளும் முழு ஆராதனை. கூடவே, அந்த நாட்களில் வேலை செய்வது பற்றி ஒரு ஷரத்து. ஞாயிறு கட்சியின் பாடகர் குழு சனிக்கிழமை வந்து ஒலிபெருக்கி கட்டிப் பழகக் கூடாது என்பதற்காக லென்ஸ் அதன் முதல் பாதியைச் சொன்னார். சனிக்கிழமைக் கட்சி ஞாயிறன்று வாசலில் மேசை போட்டு ஆள் வைத்துத் துண்டுப்பிரசுரம் விநியோகிக்கக் கூடாது என்பதற்காக மேற்படியார் இரண்டாம் பாதியைச் சேர்த்தார். ஒருவரை ஒருவர் மடக்கிவிட்டதாக இரண்டு பேருக்கும் திருப்தி. எல்லாக் கையும் தூக்கப்பட்டது. வாசல் கேட்டுக்கு என்ன நிறம் அடிப்பது என்ற விவகாரம் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கமிட்டியில் ஏகமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அது.

காலி டம்ளர்களோடு நின்ற சாவி கணக்குப் போட்டார். சனிக்கிழமை நூற்று நாற்பது நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை நூற்று நாற்பது நாற்காலி. கட்சி தோற்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இவர் கட்சி பாதி ஜெயித்து, இவர் முழுதாகத் தோற்றிருந்தார்.

வாசலில் மேற்படியாரைப் பிடித்தார். "ஐயா, அப்போ எனக்கு லீவு?"

"உனக்குத்தான் திங்கட்கிழமை இருக்கேப்பா."

"திங்கட்கிழமை அவ டூட்டியில இருப்பாளே ஐயா. ஞாயித்துக்கிழமை மாசத்துல ஒண்ணாவது..."

"அது உன் குடும்ப விஷயம். கமிட்டி குடும்ப விஷயத்துல தலையிடாது." போன மாதம் ஒரு மணப்பெண்ணின் ரவிக்கைக் கை நீளம் பற்றி ஒன்றரை மணி நேரம் விவாதித்த கமிட்டி அது.

லென்ஸிடமும் கேட்டுப் பார்த்தார். லென்ஸ் அவர் தோளில் கைவைத்தார். "நீ செய்யறது வேலைன்னு யாருப்பா சொன்னது? அது ஊழியம். ஊழியத்துக்கு ஏது லீவு?"

பத்தொன்பது வருடமாகக் கழிப்பறை கழுவுகிற அந்த ஊழியத்துக்குக் கமிட்டியில் ஒருவருக்குக்கூட ஏன் இன்னும் அழைப்பு வரவில்லை என்று சாவிக்குத் தோன்றியது. கேட்கவில்லை. எதிர்த்துக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. மைக்கை நீட்டித்தான் பழக்கம்.

வெள்ளிக்கிழமை இரண்டே முக்காலுக்கே வந்து அவர் தீர்மானத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் கண்டக்டரம்மா வந்து நின்றாள். சபையில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தோளில் டிக்கெட் பை, கையில் கழற்றிய ஒரு செருப்பு. வார் அறுந்திருந்தது.

"என்ன ஒட்டுறீங்க?"

"ஒண்ணுமில்ல. நம்ம சாவு அறிவிப்பு."

அவள் படித்தாள். போக்குவரத்துக் கழகத்தின் விதிப் புத்தகத்தை வரிக்கு வரி தெரிந்தவள் அவள். பாஸ் கொண்டுவர மறந்த மேலாளர் ஒருவரை, "நான் யார் தெரியுமா?" என்று அவர் கேட்டபோது, "தெரியும் சார், பாஸ் இல்லாதவர்," என்று இறக்கிவிட்டவள். தீர்மானத்தையும் அதே கண்ணால் படித்தாள். இரண்டு முறை.

"இதை எழுதினது யாரு?"

"மேற்படியார்தான். நடை தெரியலையா?"

"'மேற்படி இரு நாட்களிலும் சபை வளாகத்தில் சபையைச் சார்ந்த எவரும் எவ்வித வேலையும் செய்யலாகாது. பிறரைக்கொண்டு செய்விக்கவும் ஆகாது. வரும் ஞாயிறு முதல் அமலுக்கு வரும்.'" அவள் அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க சபையைச் சார்ந்தவரா, இல்லையா?"

"இதென்ன கேள்வி? பத்தொன்பது வருஷமா."

"எவரும்னா அதுல நீங்க உண்டா?"

"உண்டு."

"எவ்வித வேலையும்னா நாற்காலி போடறது?"

சாவி பசை டப்பாவைக் கீழே வைத்தார். அவருக்கு மெல்லப் புரிந்தது. புரிந்ததும் பயம் வந்தது. "வேணாம்மா. வேலை போயிடும். அவங்க என்னை நினைச்சு எழுதலை."

"அதான் எனக்கும் தெரியுதே. உங்களை நினைச்சு எதையாவது எழுதியிருந்தாதான் இந்த வம்பே இல்லையே." அவள் குரல் ஒரு கணம் இறங்கியது. "விதியை மீறினவனை இறக்கிவிட்டுத்தான் எனக்குப் பழக்கம். விதிப்படி நடந்த ஆளை இறக்கிவிடட்டும், அப்புறம் நான் பேசிக்கறேன். ஞாயித்துக்கிழமை நீங்க வீட்ல இருக்கீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை நாலே முக்காலுக்கு சாவிக்கு உடம்பு தானாக எழுந்து உட்கார்ந்தது.

"படுங்க," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

படுத்தார். அண்ணாந்து பார்த்தார். கூரையில் தண்ணீர் கசிந்து ஒரு பெரிய கறை, யானை மாதிரி. "இது எப்பலேர்ந்து இருக்கு?"

"ஆறு வருஷமா. உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

ஆறரைக்கு டீ போட்டு, ரொட்டி வாட்டி, இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னலோர நாற்காலியில் உட்காரப் போய் இடித்துக்கொண்டார்கள். அந்த மேசைக்கு அந்த ஒரு நாற்காலிதான். இதுவரை இரண்டாவது தேவைப்பட்டதில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்; அவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். நூற்று நாற்பது நாற்காலிக்குப் பொறுப்பான மனிதர். இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் எட்டு மணி ஆனதும் சாவி எழுந்து கொத்தை இடுப்பில் மாட்டினார்.

"போயிடலாம்மா. கேட்டையாவது திறந்துட்டு வந்துடறேன்."

"சேர்ந்து போவோம். கோயிலுக்குப் போற ரெண்டு பேரா. வேலைக்குப் போறவரா இல்ல."

கேட்டுக்கு வெளியே தெரு நிறைய ஜனம். நல்ல உடுப்பில், கையில் வேதப்புத்தகத்தோடு, பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சனிக்கிழமைக் கட்சியும் வந்திருந்தது, ஞாயிறு கட்சி தன் ஓய்வுநாளில் ஏதாவது விதிமீறல் செய்கிறதா என்று பார்ப்பதற்காக. சாவிக்கொத்துச் சத்தம் கேட்டதும் கூட்டம் வழிவிட்டது.

"எங்கப்பா போனே?" என்றார் மேற்படியார். "மணி எட்டு இருபது! திற, திற."

சாவி பூட்டுக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டார். "தீர்மானம் ஐயா. இன்னைலேர்ந்து அமல்."

"எந்தத் தீர்மானம்?"

"நீங்க எழுதினதுதான். யாரும் வேலை செய்யக் கூடாது. யாரையும் வச்சுச் செய்யவும் கூடாது. கேட்டுத் திறக்கறது என் வேலை ஐயா."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, இருமலாக மாறி அடங்கியது. அது மேற்படியாரின் மனைவி.

அந்த இடத்தில்தான் சபை ஒன்றுபட்டது. லென்ஸ் முன்னால் வந்து மேற்படியார் பக்கத்தில் தோளோடு தோள் நின்றார். "அன்னைக்கே சொன்னேனேப்பா, இது ஊழியம்னு."

"ஊழியம்னா நீங்களே செய்யலாமே ஐயா," என்று சாவியின் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு அவருக்கே ஆச்சரியம்.

"இது அவசர நிலை," என்றார் மேற்படியார். "அவசர நிலைக்கு விதிவிலக்கு உண்டு. ஆடு குழியில விழுந்தா ஓய்வுநாள்லயும் தூக்கிவிடலாம்னு ஆண்டவரே சொல்லியிருக்கார்."

கண்டக்டரம்மா வாயைத் திறந்தாள். அறுபது பேர் தொங்கும் பேருந்தில் முன்வாசல் வரைக்கும் போகிற குரல். "தூக்குங்களேன் சார்! பத்தொன்பது வருஷமா நாங்க ரெண்டு பேரும் குழியிலதான் கிடக்கோம். இவருக்கு லீவுன்னா எனக்கு டூட்டி, எனக்கு லீவுன்னா இவருக்கு டூட்டி. சனிக்கிழமை ஓய்வுங்கறீங்க, ஞாயித்துக்கிழமை ஓய்வுங்கறீங்க, நோட்டீஸ் போடறீங்க, கையைத் தூக்கறீங்க. அந்தக் கட்டளையில வேலைக்காரனும் ஓய்வெடுக்கணும்னு இருக்கா, இல்லையா? கண்ணாடிக் கடைக்காரரே, எழுத்து பளிச்சுனுதானே இருக்கு?"

லென்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவருக்கு எந்தக் கிழமை? அதை மட்டும் சொல்லுங்க," என்றாள் அவள். "நாங்க அந்தக் கட்சியில சேர்ந்துக்கறோம்."

சாவி கொத்தை இடுப்பிலிருந்து கழற்றினார். கூட்டத்தை நோக்கி நீட்டினார். "யாருக்கு மனசோ அவங்க திறங்க ஐயா. நான் தடுக்கலை."

மேற்படியார் லென்ஸைப் பார்த்தார். லென்ஸ் மேற்படியாரைப் பார்த்தார். முதலில் வாங்குகிற கை எதுவோ, அதுவே ஓய்வுநாளை மீறிய கை. இரண்டு பேரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"வாங்கித் தொலைங்களேன்," என்றார் மேற்படியாரின் மனைவி. "ஒரு சாவியைத் திருகினா கை தேஞ்சா போயிடும்? நேத்து நான் தேய்ச்ச நாலு சட்டையில ஒண்ணைத்தானே போட்டுக்கிட்டு நிக்கறீங்க?"

இளம் போதகர்தான் வாங்கினார். "நான் எப்பவுமே ஞாயித்துக்கிழமை வேலை செய்யறவன்," என்றார். "எனக்குப் புதுசா ஒண்ணும் கெட்டுப்போகாது. எது அண்ணே கேட்டுச் சாவி?"

சாவி மனைவியைப் பார்த்தார். சொன்னால் அது வேலையா?

"சொல்லலாம்," என்றாள் அவள். "வாய்க்குத் தடையில்ல. இங்க எல்லாரும் அதைத்தானே செஞ்சிட்டிருக்காங்க."

போதகர் பூட்டில் சாவியை விட்டுவிட்டு, திருகாமல் திரும்பி நின்றார். அந்த எட்டு மாதத்தில் அவர் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தார். "பெரியவங்க மன்னிக்கணும். கட்டாயம் இல்லைன்னு நான் சொன்னேன், நீங்க கேக்கலை. சரி. ஓய்வுநாள் வேணும்னு கேக்கறவங்க, அன்னைக்கு மத்தவங்க ஓய்வெடுக்கற மாதிரி பார்த்துக்கட்டும். சனிக்கிழமை கூட்டத்துக்கு லென்ஸ் ஐயா திறந்து, நாற்காலி போட்டு, கழுவி, பூட்டட்டும். ஞாயித்துக்கிழமைக்கு மேற்படி ஐயா. சாவி அண்ணன் அந்த ரெண்டு நாளும் வர வேண்டாம்."

பட்டப்பெயர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லப்பட்டதை அந்தப் பதற்றத்தில் யாரும் கவனிக்கவில்லை.

"மேற்படி ஏற்பாடு தற்காலிகமானதா?" என்று கேட்டார் மேற்படியார், கமிட்டியின் மானத்தைக் காப்பாற்றுகிற குரலில்.

"தற்காலிகம்தான் ஐயா. எந்தக் கிழமைன்னு நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும்."

கூட்டம் ஒரு நொடி யோசித்தது. பிறகு தெரு முழுக்கச் சிரிப்பு. சாவிக்கும் புரிந்துவிட்டது: இது ஆயுசுக்கும் உள்ள ஏற்பாடு. அந்த இடத்திலேயே அவர் சனிக்கிழமைக் கட்சியிலிருந்து மானசீகமாக ராஜினாமா செய்தார். இனி இந்த வழக்கு எந்தப் பக்கமும் ஜெயிக்காமல் இருக்க வேண்டும் என்பதே அவர் ஜெபம்.

போதகர் கேட்டைத் திறந்த பிறகு நடந்ததைப் பல வருடம் கழித்தும் அந்தச் சபையில் சொல்லிச் சிரிப்பார்கள். அன்றைக்கு மட்டும் இரண்டு கட்சியும் வேலையில் இறங்கியதில், நாற்காலிகளைச் சனிக்கிழமைக் கட்சி கிழக்கிலிருந்தும் ஞாயிறு கட்சி மேற்கிலிருந்தும் போட்டுக்கொண்டு வந்து, நடுவில் ஒன்றையொன்று முறைத்துப் பார்க்கிற இரண்டு வரிசைகள் உண்டாயின. லென்ஸ் ஒற்றைக் கண்ணை மூடி நேர்க்கோடு பார்த்தார். ஒவ்வொரு நாற்காலியையும் அரை விரல் நகர்த்தினார். ஏழாவது நாற்காலியில் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. மேற்படியார் மோட்டார் சுவிட்ச் என்று நினைத்து மணியை அடித்துவிட்டார். அவசரமாகப் போன குழந்தையொன்று கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று உள்ளேயிருந்து சபைக்கே அறிவித்தது. சுங்கத்துறையின் முன்னாள் கண்காணிப்பாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாளியோடு ஓடினார். ஆராதனை ஐம்பது நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. பத்தரைக்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

சாவியும் கண்டக்டரம்மாவும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு முள்மேல் உட்கார்ந்த மாதிரி. ஆலயத்தை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதே புதிதாக இருந்தது. பாட்டுப் பலகையில் ஒரு எண் தலைகீழாகத் தொங்கியது. மைக் கீச்சென்று கத்தியது, பேட்டரி. எந்த டிராயரில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், எழுந்து போய் எடுக்க இருபது விநாடி.

எழுவதற்காக உடம்பை அசைத்தபோது தோள் கனத்தது. அவள் தூங்கிவிட்டிருந்தாள். வாரத்துக்கு ஆறு நாள் நாலு மணிக்கு எழுகிற தூக்கம். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவளுடைய செருப்பு வாரில் ஊக்கு குத்தியிருந்ததை அப்போதுதான் அவர் பார்த்தார்.

போதகர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, அதை ஓரமாக வைத்துவிட்டு, வெறும் குரலில் பேசத் தொடங்கினார். மூன்றாம் வரிசையைக் கவனித்ததும் குரலை இன்னும் கொஞ்சம் தணித்தார்.

மேற்படியார் நனைந்த சட்டைக் கையோடு குனிந்து குனிந்து வந்து சாவியின் காதோரம் நின்றார். "மேற்படி மின்விசிறி ஓடலை. ஃப்யூஸ் எங்கப்பா இருக்கு?"

சாவி அசையாமல், மோவாயை மட்டும் தூக்கி, பாடகர் குழு நிற்கிற பக்கச் சுவரைக் காட்டினார். பிறகு உதட்டில் விரல் வைத்தார்.

மேற்படியார் தலையாட்டிவிட்டு நுனிக்காலில் நடந்து போனார்.